செய்மதிப் படத்தில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைக் கணினி தானாகக் கண்டறியச் செய்வது எப்படி?

கேள்வி: சுன்னாகத்து மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் கணினி விஞ்ஞானத்தில் இறுதியாண்டு பயிலும் மாணவன். உயர் பிரிதிறன் கொண்ட செய்மதிப் படங்களில் வீதிகளைத் தானாகக் கண்டறியும் முறையை எனது ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தலைப்பைத் தெரிவுசெய்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாரி காலத்தில் ஓர் இரவு அம்மம்மாவுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. நாங்கள் அழைத்த அம்புலன்ஸ் வண்டி காங்கேசன்துறை வீதி வரை விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கை சாரதியின் கைத்தொலைபேசி வரைபடத்தில் இருக்கவில்லை. அவர் இரண்டு தடவை வேறு ஒழுங்கைகளுக்குள் திரும்பி, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு மீண்டும் வீதிக்குப் போக, இறுதியில் என் தம்பி டோர்ச் லைற்றுடன் சந்திக்கு ஓடிப்போய்க் கூட்டிவந்தான். அம்மம்மா தேறிவிட்டார். ஆனாலும் எங்கள் ஊரில் இப்படி வரைபடத்தில் ஏறாத ஒழுங்கைகள் எத்தனை இருக்கும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

செய்மதிப் படங்களைக் கணினியால் ஆராயும் 2018ஆம் ஆண்டு டீப்குளோப் போட்டிக்காக வெளியிடப்பட்ட வீதித் தரவைக் கொண்டு, அதே போட்டியில் முதலிடம் பெற்ற டி-லிங்க்நெட் என்ற நரம்பு வலையமைப்பை (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி முறை) பயிற்றுவித்தேன். அத்தரவின் 6,226 பயிற்சிப் படங்களும் தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் நிலத்தைக் காட்டுபவை. ஒவ்வொரு படமும் 1024 பிக்சல் அகலமும் 1024 பிக்சல் உயரமும் கொண்டது. ஒரு பிக்சல் தரையில் 50 சென்ரிமீற்றர். நமது நிலத்துக்கும் வெயிலுக்கும் நெருக்கமான நாடுகள் என்பதால் இங்கே நன்றாகப் பொருந்தும் என்று எதிர்பார்த்தேன்.

எங்கள் பகுதியான வலிகாமத்துப் படங்களில் அதை ஓட்டிப் பார்த்தபோது காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி போன்ற தார் வீதிகள் குறையில்லாமல் வந்தன. ஒழுங்கைகளோ பாதி வழியில் மறைந்து, சிறிது தூரம் தள்ளி மீண்டும் தோன்றி, துண்டு துண்டாகக் கிடக்கின்றன. இன்னொரு பக்கத்தில், தோட்டங்களுக்கு நடுவே கிணற்றிலிருந்து தண்ணீர் செல்லும் வாய்க்கால்களும், வயல் வரம்புகளும், புகையிரதப் பாதையும் வீதிகளாகக் குறிக்கப்படுகின்றன. மேலும் விலையுயர்ந்த, இன்னும் கூர்மையான படம் வாங்கினால் இது தீருமா, அல்லது எங்கள் ஊர்ப் படங்களில் வீதிகளை நானே குறியிட்டுப் புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டுமா? பிக்சல் கணக்கில் பார்த்தால் மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் வண்டி ஓட்டுவதற்கு உதவாத நிலையில் இருக்கிறது. இந்த முரண்பாடு எனக்கு விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: தொலையுணர்வு யாழ்

வணக்கம். நீங்கள் எதிர்கொள்ளும் சிக்கலின் பெரும்பகுதி, வீதி என்றால் என்ன என்பதை உங்கள் வலையமைப்பு எங்கே கற்றுக்கொண்டது என்பதில் இருக்கிறது. அந்தத் தரவில் வீதி என்பது பெரும்பாலும் இரு பக்கமும் உள்ள நிலத்திலிருந்து நிறத்தால் வேறுபட்ட ஒரு பட்டை. நமது ஒழுங்கை அப்படிப்பட்டதன்று. இரண்டு வேலிகளுக்கு நடுவே விடப்பட்ட இடமே ஒழுங்கை. அதன் தரையும் பக்கத்துத் தோட்டத்தின் தரையும் ஒரே செம்மண். உரும்பிராயிலோ ஏழாலையிலோ வேலிகளை மனத்தால் அகற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால், எது ஒழுங்கை, எது உழுத தோட்டம் என்று மனிதக் கண்ணாலும் சொல்ல இயலாது. ஆகவே நமது வலையமைப்பு தரையைப் பார்ப்பதை விட வேலியைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு இங்கேயே குறியிட்ட படங்கள் தேவை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேலியைப் பார்ப்பதற்கு ஒரு நல்ல துணை, கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அடுத்த ஒளியைப் பதியும் அண்மைச் செங்கீழ்ப் பட்டை. பூவரசு, கிளுவை, கிளிசீரியா போன்ற உயிருள்ள வேலிமரங்களான கதியால்கள் அந்தப் பட்டையில் மிகவும் ஒளிர்ந்து தெரியும். இரண்டு ஒளிர்கோடுகளும் அவற்றின் நடுவே மங்கிய ஒரு கீற்றும் சேர்ந்த தோற்றம் ஒழுங்கைக்கே உரியது. தோட்ட வாய்க்காலுக்கு அது கிடையாது. நீங்கள் பயன்படுத்திய தரவில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று பட்டைகள் மட்டுமே இருப்பதால், இந்தச் சான்று உங்கள் வலையமைப்புக்கு எட்டவே இல்லை. கிடுகு வேலிக்கும் தகர வேலிக்கும் மதிலுக்கும் இது உதவாது. அவற்றை நிழலைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

நிழலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் படம் எடுக்கப்பட்ட திகதியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. இத்தகைய செய்மதிகளில் பல, உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை 10:30 அளவில் நம்மைக் கடந்து செல்பவை. யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டில் அந்த நேரத்தில், ஜனவரி நடுப்பகுதியில் சூரியன் தென்கிழக்கே ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும். 20 மீற்றர் உயரப் பனையின் நிழல் வடமேற்கே 15 மீற்றர் வரை நீளும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் கிழக்கே 68 பாகை உயரத்தில் இருக்கும்; அதே பனையின் நிழல் மேற்கே 8 மீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது ஏப்ரல் படத்தில் கிழக்கு மேற்காக ஓடும் ஒழுங்கைகள் ஓர மரங்களின் நிழலிலிருந்து ஏறத்தாழ முழுமையாகத் தப்பிவிடும். வடக்குத் தெற்காக ஓடுபவைதான் மறையும். உங்கள் வரைபடத்தில் துண்டுபட்ட ஒழுங்கைகளை எடுத்து எந்தத் திசையில் ஓடுபவை அதிகம் துண்டுபட்டிருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். படம் எடுத்த மாதத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பின் குற்றம் வலையமைப்பில் இல்லை.

காலத்தைத் தெரிவுசெய்யும்போது, ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை முகிலால் நல்ல படம் கிடைப்பது அரிது. தோட்டங்களில் பயிர் பச்சையாக நிற்கும்போது எடுத்த படத்தில் வெறுந்தரையான ஒழுங்கை எடுப்பாகத் தெரியும். அறுவடை முடிந்து உழுத பின் எடுத்த படத்தில் அது செம்மண்ணோடு செம்மண்ணாகக் கலந்துவிடும். வேலிக் கதியால்களைக் குழைக்காக வெட்டிய பின்னர் ஒழுங்கை திறந்து கிடக்கும் என்பதும் நமது விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரே இடத்துக்கு வெவ்வேறு மாதங்களில் எடுத்த இரண்டு படங்கள் கிடைத்தால், ஒன்றில் மறைந்தது மற்றதில் தெரியும். மிகவும் விலையுயர்ந்த ஒற்றைப் படத்தை விட இந்த இரட்டையையே நான் விரும்புவேன்.

பிரிதிறன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 3 மீற்றர் அகல ஒழுங்கை, 50 சென்ரிமீற்றர் படத்தில் 6 பிக்சல். 2014இல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 செய்மதி தரும் 31 சென்ரிமீற்றர் படத்தில் ஏறத்தாழ 10 பிக்சல். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தின் ஒரு பிக்சல் 10 மீற்றர் என்பதால் ஒழுங்கைக்கு அது பயன்படாது. ஆனால் அந்த 31 சென்ரிமீற்றர் என்பது கறுப்பு வெள்ளைப் பட்டைக்கு மட்டுமே உரிய அளவு. நிறப் பட்டைகளும் அண்மைச் செங்கீழும் 1.24 மீற்றர் பிக்சலில் பதிவாகிப் பின்னர் கறுப்பு வெள்ளைப் படத்துடன் சேர்த்துக் கூர்மையாக்கப்படுகின்றன. எனவே நிறத்தைப் பொறுத்தவரை உங்கள் ஒழுங்கைக்கு உண்மையில் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று பிக்சல்கள்தான். அவற்றிலும் வேலியின் பச்சை ஊறியிருக்கும். அதைவிட முக்கியம் செய்மதி எவ்வளவு சாய்வாகப் பார்த்தது என்பது. செங்குத்திலிருந்து 25 பாகை சாய்வாக எடுத்த படத்தில் 20 மீற்றர்ப் பனையின் வட்டு, தன் அடியிலிருந்து 9 மீற்றர் விலகி விழும். வளவுக்குள் நிற்கும் பனை அப்போது ஒழுங்கையை மூடிவிடும். சாய்வு குறைந்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

குறியிடும்போது, எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மப்பின் கோடுகளை அப்படியே எடுத்து அகலப்படுத்திப் பயன்படுத்துவது வழக்கம். அந்தக் கோடுகள் வேறொரு படத்தின் மேல் வரையப்பட்டவையாக இருக்கலாம் என்பதால் சில மீற்றர்கள் விலகியிருக்கும். தார் வீதிக்கு 3 மீற்றர் விலகல் பெரிதன்று. 3 மீற்றர் ஒழுங்கைக்கோ அது முழு ஒழுங்கையையும் பக்கத்து வளவுக்குள் தூக்கி வைப்பதாகும். வலையமைப்பு அப்போது வேலியையும் வீட்டு முற்றத்தையும் ஒழுங்கை என்று கற்றுக்கொள்ளும். முதலில் கோடுகளை உங்கள் படத்தின் மேல் நகர்த்திச் சரிசெய்யுங்கள். இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் இதைத் தவிர்த்த எந்த முயற்சியும் எனக்குப் பலன் தந்ததில்லை.

ஒரே ஊரில் ஆயிரம் ஒழுங்கைகளைக் குறிப்பதை விட, வலிகாமத்துச் செம்மண், தென்மராட்சி மணலும் தென்னந்தோப்பும், வடமராட்சி கிழக்கின் வெண்மணல், தீவகம் என்று ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகக் குறியுங்கள். நெடுந்தீவில் வேலி என்பது சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல். செங்கீழ்ப் பட்டையில் அது ஒளிராது. வலிகாமத்தை மட்டும் கற்ற வலையமைப்பு அங்கே போய்த் திகைத்து நிற்கும். சோதனைக்கும் தனியான ஒரு பிரதேசத்தை முழுமையாக ஒதுக்குங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் ஒன்றைப் பயிற்சிக்கும் மற்றதைச் சோதனைக்கும் எடுத்தால், ஏற்கெனவே பார்த்த ஒழுங்கையின் மறுபாதியைத்தான் அது கண்டுபிடிக்கும்.

மறுமொழி: கரவெட்டி வெளி

மேலே எழுதியவர் படத்தையும் குறியிடலையும் பற்றிச் சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் மாணவர் இறுதியில் கேட்ட கேள்வி, அதாவது மதிப்பெண் நன்றாக இருந்தும் வரைபடம் ஏன் பயன்படவில்லை என்பது, படத்தைச் சார்ந்ததன்று. எனது பார்வையில் அதுவே இந்தத் துறையின் மையக் கேள்வி.

400 மீற்றர் நீளமான ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மாமரம் 10 மீற்றரை மூடியிருக்கிறது. வலையமைப்பு மிகுதி 390 மீற்றரையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பிக்சல் கணக்கில் 97.5 வீதம் கிடைக்கும். ஆனால் வழிகாட்டும் செயலிக்கு அந்த ஒழுங்கை இரண்டு தனித்தனித் துண்டுகள். அப்பால் உள்ள வீடுகளுக்கு வழியே இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்த சாரதிக்கு அந்த 97.5 வீதத்தால் எந்தப் பயனும் இல்லை. இதனால்தான் லாஸ் வேகாஸ், பாரிஸ், ஷாங்காய், கார்ட்டூம் ஆகிய நான்கு நகரங்களின் படங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஸ்பேஸ்நெட் வீதிப் போட்டியில், பிக்சல்களை எண்ணாமல் பாதைகளை ஒப்பிடும் ஏ.பி.எல்.எஸ். என்ற அளவீட்டைக் கொண்டுவந்தார்கள். உண்மை வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதையின் நீளம் எவ்வளவு, கணினி வரைந்த வரைபடத்தில் அதே இரண்டு இடங்களுக்கு இடையில் எவ்வளவு என்று பார்த்து, வேறுபாட்டுக்கு ஏற்பத் தண்டம் விதிப்பது அது. பாதையே இல்லாமற் போனால் முழுத் தண்டம். உங்கள் முடிவை இந்த அளவீட்டில் போட்டுப் பாருங்கள். நீங்கள் கண்ணால் கண்ட குறை எண்ணிலும் தெரியும்.

மறைந்த பகுதியை மீட்பது சுற்றுப்புறத்தைப் பார்ப்பதால் மட்டுமே கூடும். மாமரத்தின் கீழே என்ன இருக்கிறது என்று 31 சென்ரிமீற்றர்ப் படமும் சொல்லாது; இலைக்கு மேல் இன்னும் கூர்மையான இலைதான் தெரியும். ஒரு பக்கத்தால் நுழைந்த ஒழுங்கை அதே போக்கில் மறுபக்கத்தால் வெளிவருகிறது என்பதைக் காணும் அளவுக்கு அகலமான பார்வை வேண்டும். இது புதிய எண்ணமன்று. 1976இலேயே ருசேனா பாய்சியும் மொஹமட் தவகோலியும் செய்மதிப் படங்களில் வீதிகளைக் கணினி இனங்காண்பது பற்றி எழுதினார்கள். 2010இல் வொலோடிமிர் ம்னீஹ் என்பவரும் ஜெஃப்ரி ஹின்டனும் பெரிய நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்தியபோது, 16 பிக்சல் சதுரத்தில் வீதி உண்டா என்பதைத் தீர்மானிக்க 64 பிக்சல் சதுரத்தைப் பார்க்க வைத்தார்கள். அத்துடன், முதல் வலையமைப்பின் முடிவையே உள்ளீடாக எடுத்து இடைவெளிகளை நிரப்பும் இரண்டாவது வலையமைப்பையும் பயிற்றுவித்தார்கள். நீங்கள் எடுத்திருக்கும் டி-லிங்க்நெட்டின் நடுப்பகுதியில் உள்ள விரிந்த சுருள்வுகளும், அதாவது இடைவெளி விட்டுத் தொலைவிலுள்ள பிக்சல்களையும் சேர்த்துப் பார்க்கும் கணிப்புகளும், இதே நோக்கத்துக்கானவை. ஆகவே அந்த வலையமைப்பை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாற்ற வேண்டியது, பயிற்சியின்போது அதன் பிழையை அளக்கும் சூத்திரமான இழப்புச் சார்பு. பட்டையின் பரப்பை மட்டும் ஒப்பிடாமல் அதன் மையக்கோடு அறுந்துவிட்டதா என்றும் பார்க்கும் சி.எல்.டைஸ் என்ற சார்பு 2021இல் வெளிவந்தது. வழக்கமான சார்புடன் அதையும் ஒரு பங்கு சேர்த்துப் பயிற்றுங்கள்.

அதற்குப் பின்னர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பிக்சலும் வீதியாக இருக்கும் வாய்ப்பைக் காட்டும் நிகழ்தகவுப் படத்தைக் கோட்டு வரைபடமாக மாற்றுவது. ஒற்றை எல்லைமதிப்பை வைத்து வெட்டினால் மங்கலான ஒழுங்கைகள் அழிந்துவிடும். உயர்ந்த எல்லையைத் தாண்டிய இடங்களை முதலில் உறுதிசெய்துகொண்டு, அவற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களைத் தாழ்ந்த எல்லை வரை ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னர் பட்டையை ஒற்றைப் பிக்சல் கோடாக மெலிதாக்கி, சந்திகளையும் முனைகளையும் கண்டு, பக்கவாட்டில் முளைக்கும் சிறு நுனிகளைக் கத்தரித்து, நேருக்கு நேர் பார்க்கும் முனைகளை நிகழ்தகவு முற்றாக வற்றாத வழியால் இணையுங்கள். வாய்க்கால்கள் இங்கேதான் கழியும்: தோட்ட வாய்க்கால் பெரும்பாலும் எந்த வீதியையும் தொடாமல் கிணற்றில் தொடங்கித் தோட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வீதி வலையோடு எங்கும் சேராத துண்டுகளை நீக்கினால் உங்கள் பொய்க் கோடுகளில் பெரும் பங்கு போய்விடும்.

புகையிரதப் பாதைக்கு இவ்வளவு முயற்சி வேண்டாம். அதன் கோடு ஓப்பன் ஸ்ட்ரீட் மப்பில் உண்டு, கழித்துவிடுங்கள். ஆனால் பழைய படங்களையும் பயிற்சிக்குச் சேர்ப்பதாயின் கவனம் தேவை. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் அகற்றப்பட்டு, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் யாழ்தேவி புகையிரதம் வரும் வரை, அந்தப் படுக்கையில் சனங்கள் நடந்தும் சைக்கிள் ஓட்டியும் திரிந்தார்கள். அந்த ஆண்டுகளின் படத்தில் அது உண்மையாகவே பாதைதான்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நில அளவையாளன்

தம்பி, கணினி விடயத்தில் உங்களுக்குச் சொல்வதற்கு எனக்கு அறிவு போதாது. ஆனால் இந்தக் குடாநாட்டின் ஒழுங்கைகளைச் சங்கிலி பிடித்தும் பின்னர் கருவி வைத்தும் பல்லாண்டுகள் அளந்தவன் என்ற முறையில், முனைகளை இணைப்பது பற்றி மேலே சொல்லப்பட்டதைப் படித்தபோது எனக்குக் கவலை ஏற்பட்டது.

நமது ஊர்களில் இரண்டு ஒழுங்கைகள் நேருக்கு நேர் வந்து, நடுவில் ஒரு வளவு மட்டும் மிஞ்ச, முடிந்துவிடுவது மிகச் சாதாரணம். ஒரு காணி பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிக்கப்படும்போது, வடக்குப் பங்குக்கு வடக்கு வீதியாலும் தெற்குப் பங்குக்குத் தெற்கு வீதியாலும் வழி விடுவார்கள். இரண்டு வழிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கலாம். அவற்றுக்கு நடுவில் இருப்பது ஒரு வேலியும் ஒரு படலையும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தை ஒரு வேப்பமரம் மூடியிருக்கும். உங்கள் கணினி அதையும் மாமரம் மூடிய ஒழுங்கை என்று எண்ணி இணைத்துவிட்டால், அடுத்த அம்புலன்ஸ் சாரதி இரவில் பூட்டிய படலைக்கு முன்னால் வந்து நிற்பார். வரைபடத்தில் இல்லாத ஒழுங்கை சாரதியைத் தாமதிக்க வைக்கிறது. வரைபடத்தில் பொய்யாக உள்ள ஒழுங்கை அவரை நம்பவைத்து ஏமாற்றுகிறது. இரண்டாவது தவறு கொடியது என்பது என் அபிப்பிராயம். ஆகவே கணினி தானாக இணைத்த ஒவ்வோர் இடத்தையும் வேறு நிறத்தில் குறித்து வைத்து, யாராவது நேரில் போய்ப் பார்க்கும் வரை வரைபடத்தில் ஏற்றாதீர்கள்.

காணி உறுதிப் பத்திரங்களில் ஒரு காணியின் எல்லையாக ஒழுங்கை என்று எழுதியிருப்பதற்கும், இன்னொரு காணிக்கூடாகச் சிலருக்கு மட்டும் உரிய வழிவாய்க்கால் பாத்தியம் என்று எழுதியிருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அது பொது வழியா, பங்காளிகளின் வழியா என்பதைப் படம் காட்டாது. ஊர் மக்களிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டுத்தான் அறியலாம். தெரியாதவிடத்து, வழி உண்டு என்பதை மட்டும் குறித்து, பொது வழி என்று குறிக்காமல் விடுவது நல்லது. காணி வழக்குகள் இதைவிடச் சிறிய கோடுகளால் எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வலிகாமம் வடக்கு தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. 1990இல் மக்கள் வெளியேறிய நிலங்கள், போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. உறுதியிலும் பழைய வரைபடத்திலும் உள்ள ஒழுங்கை அங்கே பற்றைக்குள் மறைந்து கிடக்கலாம். படத்தில் பளிச்சென்று தெரியும் பாதை, இடைக்காலத்தில் யாருடையவோ வளவுகளுக்கூடாக வெட்டப்பட்டதாக இருக்கலாம். தமது பழைய ஒழுங்கை எது என்று தேடிக்கொண்டு திரும்பி வரும் குடும்பத்துக்கு உங்கள் வரைபடம் தவறான ஒன்றைக் காட்டிவிடக் கூடாது. அந்தப் பகுதியை உங்கள் பயிற்சித் தரவில் சேர்க்காமல், பின்னர் வயதானவர்களைக் கூட்டிச்சென்று நேரில் குறிப்பதே முறை.

பழைய வரைபடங்களைப் படத்தோடு பொருத்த முனைந்தால் ஒன்றை நினைவில் வைத்திருங்கள். நமது நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள், இடங்களின் ஆள்கூறுகளைக் கணிக்கும் அடிப்படைகளில் ஒன்றான கந்தவளைத் தளத்தைக் கொண்டவை. செய்மதிப் படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 தளத்தில் வருபவை. தளமாற்றம் செய்யாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். யாழ்ப்பாணத்தில் அது இரண்டு மூன்று ஒழுங்கைகள் தள்ளி என்று பொருள்.

மறுமொழி: சுன்னாகத்து மாணவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிழலின் திசையை முதலில் சரிபார்த்தேன். எனது படம் ஏப்ரல் மாதத்தில் எடுக்கப்பட்டது. துண்டுபட்ட ஒழுங்கைகளில் மிகப் பெரும்பாலானவை வடக்குத் தெற்காக ஓடுபவையே. இரண்டு மாதமாக வலையமைப்பின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய தெளிவு.

நில அளவையாளர் ஐயா, நீங்கள் சொன்ன படலை என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. கணினி அதை நேர்வழியாக இணைத்திருந்தது, நானும் அதைச் சரியென்று கடந்து போயிருக்கிறேன். இனி இணைப்புகளைத் தனி நிறத்தில் குறித்து, சைக்கிளில் போய் ஒவ்வொன்றையும் பார்த்து, அகலம், தரை, படலை உண்டா, மாரியில் வெள்ளம் நிற்குமா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளப் போகிறேன். 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போது முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒழுங்கைகளை ஊரவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்; அதையும் கேட்டு எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

குறியிடத் தொடங்கியபோது ஒரு சந்தேகம் எழுந்தது. கோயில்களின் வெளிவீதியை என்ன செய்வது? அகலமான வெண்மணல்; வலையமைப்பு அதை மிக உறுதியாக வீதி என்று சொல்கிறது. திருவிழாக் காலத்தில் அதனூடாக எந்த வண்டியும் போகாது. மற்ற நாட்களில் சில கோயில்களில் போகும், சிலவற்றில் போகாது.

மறுமொழி: தொலையுணர்வு யாழ்

வீதி என்றும் குறிக்காதீர்கள், வீதியல்ல என்றும் குறிக்காதீர்கள். நீங்கள் குறியிட்ட படத்தில் மூன்றாவதாக ஒரு மதிப்பை வைத்து, அந்தப் பிக்சல்கள் இழப்புக் கணக்கில் சேராதபடி விட்டுவிடுங்கள். தேர் ஓடும் மணல் வீதியை வீதியல்ல என்று கற்பித்தால், வடமராட்சி கிழக்கின் மணல் ஒழுங்கைகளையும் வலையமைப்பு இழந்துவிடும். வீதி என்று கற்பித்தால் கடற்கரை மணல் முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும். உப்பங்கழியை ஒட்டிய தரவை வெளிகளில் ஆண்டுதோறும் இடம் மாறும் உழவு இயந்திரத் தடங்களுக்கும் இதையே செய்யுங்கள். வெளிவீதியை ஒட்டிச் செல்லும் ஒழுங்கைகள் அதனால் அறுந்துபோனால், அந்தக் கோயிலடிகளை உங்கள் சைக்கிள் பட்டியலின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.